சால்வை வந்த நாளில் மட்டும் மஞ்சள்

நம் கல்லூரிக் கருவி அறைக் கதவுக்கு வெளியே, தலைக்கு மேல் ஒரு பெரிய ஆணி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு என்று கேட்டால் ஜெசிந்தா மேடம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார் என்று உங்களில் ஒருவர் எனக்குப் போனில் சொன்னார். அவள் சொல்ல மாட்டாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். ஓய்வு பெற்றவளுக்கு மானத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை? நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எனக்குக் கோபம் வரும். முப்பது வருடம் ஊட்டிக் குளிரில் வேலை பார்த்தும் அது ஆறவில்லை. ஆய்வகத்தில் ஏதாவது தவறினால், என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன் யார் செய்தது என்று பார்ப்பவள் நான். இந்தக் கதையில் பாதித் தப்பு அந்தக் கோபத்தினுடையது, மீதி என் வீட்டுக்காரருடையது.

நீங்கள் இப்போது கையாளும் பொடியைத்தான் அப்போது நாங்களும் கையாண்டோம். கரிமச் சட்டகம். சின்ன மூலக்கூறுகளைக் கோத்துக் கோத்து, தேன்கூடு போல ஒழுங்கான ஓட்டைகளோடு வளர்த்த பொடி. அதன்மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று துள்ளி மேலே போகும். அது இருந்த இடம் காலியாக நிற்கும். அதுதான் கிளர்நிலை. துள்ளியது உடனே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டால், வாங்கிய ஒளியை நீலமாகக் கக்கிவிட்டுப் பொடி சும்மா இருந்துவிடும். இது நடந்து முடியும் வேகத்துக்கு முன்னால் கண் சிமிட்டுவது ஒரு யுகம். அது திரும்பாமல் இன்னும் சற்று நேரம் தள்ளி நின்றால், அந்த இடைவேளையில் அதைப் பிடித்து வேலை வாங்கலாம். வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம். அந்தச் சற்று நேரத்துக்காகத்தான் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் தலைமுடியைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, லேசரைச் சரிபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வெளியாள் முன்னால் நம் பொடியை வைத்து ஓட்டிக் காட்டினேன். எப்போதும் நீலமாக மினுங்கும் பொடி, அன்றைக்கு மாம்பழ மஞ்சளாக மினுங்கியது. கிளர்நிலையின் ஆயுளை அளந்தால், வழக்கத்தைவிடப் பல மடங்கு நீளம்.

எனக்கு ஆய்வு சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. "தப்பா வந்தா எல்லாருந்தான் திருப்பிப் பாப்பாங்க, அம்மணி. நெனச்சது வந்துச்சுன்னா, அன்னைக்குத்தான் வூட்டுக்குப் போகக் கூடாதுங்க" என்பார். மஞ்சள் வந்த அன்றைக்கு நான் நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்க் கேசரி கிளறினேன்.

மறுநாள் ஜெசிந்தா அளந்தாள். நீலம்.

ஜெசிந்தா அப்போது என் ஆராய்ச்சி மாணவி. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அவள் அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. தினமும் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்கு வருவாள். போட்டிருக்கும் ஊதா ஸ்வெட்டர் ஐந்து வருடமும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை துவைத்து, திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அதிகம் பேச மாட்டாள். நான் திட்டினால் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொள்வாள்.

"ஈரம்" என்றேன்.

ஊட்டியில் எது கெட்டாலும் பழியைப் போட எங்களுக்கு ஒருத்தர் எப்போதும் தயார். மூடுபனி. உப்பு கட்டியானாலும், தீப்பெட்டி பற்றாவிட்டாலும், மாணவன் பரீட்சையில் தேறாவிட்டாலும் ஈரம். பொடியின் ஓட்டைக்குள் ஈரம் புகுந்தால் கிளர்நிலை சீக்கிரம் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆகவே ஜெசிந்தா பொடியைத் திறந்து வைத்து ஈரத்தை உள்ளே விட்டுவிட்டாள் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"இல்லீங்க மேடம். அடுப்புல சூடு பண்ணி, உள்ள இருக்கறதெல்லாம் போன பொறவுதான் வெச்சனுங்க."

"அப்ப நேத்து எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க."

"எனக்குத் தெரியுதே!"

அடுத்த வாரமே கருவி அறையில் போர்க்கால நடவடிக்கை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். லென்ஸில் பனி படியாதிருக்கப் பெரிய ஹீட்டர் ஒன்று வைத்தேன். ஜன்னல் இடுக்குகளை எல்லாம் டேப் போட்டு அடைக்கச் சொன்னேன். அட்டெண்டர் ராஜு அண்ணன் ஏணி மேல் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏனுங்க மேடம், உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து வேண்டாமுங்களா?"

"பொடிக்கு வேண்டாம்" என்றேன்.

அதற்குப் பின் மஞ்சள் அடிக்கடி வந்தது. ஆனால் எப்போது? கல்லூரி முதல்வர் பார்க்க வந்தபோது வந்தது. பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்கள் வந்தபோது வந்தது. ஆயுத பூஜை அன்று கருவிக்குப் பொட்டு வைத்துவிட்டு, சும்மா ஓட்டிப் பார்த்தபோதுகூட வந்தது. ஜெசிந்தா மட்டும் தனியாக அளந்த நாளில் ஒருமுறைகூட வரவில்லை. என் கை பட்டால் மஞ்சள், அவள் கை பட்டால் நீலம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? என் கைராசியை நினைத்து எனக்கே புல்லரித்தது. மஞ்சளை வைத்து ஒரு கட்டுரை எழுதிச் சஞ்சிகைக்கும் அனுப்பிவிட்டேன்.

ஜெசிந்தாவின் ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் குழு கூடும் நாள் நெருங்கியது. அவளுக்குக் கெடு முடிகிறது. குழு சரி என்றால் ஆறு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பும் காற்றோடு போகும். அவளுடைய வழிகாட்டி என்ற முறையில் அந்தக் குழுவுக்கு நான் அறிக்கை தர வேண்டும். தந்தேன். "மாணவி உழைப்பாளி. எனினும் மாதிரிகளை ஈரம் படாமல் கையாளும் கவனம் போதாது, இவர் எடுத்த அளவுகளை நம்ப இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு ஒரு நெருடலும் வரவில்லை என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜெசிந்தா தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லு."

நோட்டை விரித்தாள். நேரம், வெப்பம், ஈரம், லேசரின் வலு என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கட்டம். அதன் தலைப்பு 'உள்ளே யார்'. அறைக்குள் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள், எல்லாம் இருந்தது. ராஜு அண்ணன் துடைப்பத்தோடு இரண்டு நிமிடம் வந்துபோனதைக்கூட விடவில்லை.

"இதென்ன லேப் நோட்டா, பர்லியார் செக்போஸ்ட் ரிஜிஸ்டரா?"

"நீங்க உள்ள இருந்தா சில நாள் மஞ்சள் வருதுங்க. நீங்க இல்லாத நாள் ஒருக்காக்கூட வரலீங்க. வெளிய இருந்து பெரியவங்க யாராச்சும் வந்தா கண்டிப்பா வருதுங்க."

"அப்ப நம்ம பொடிக்கு ஆள் பாத்து மரியாதை பண்ணத் தெரியுதுங்கறே."

"தெரியலீங்க மேடம். அதான் எழுதி வெச்சிருக்கனுங்க."

சிரித்தேன். சிரித்துவிட்டு, "குழு வர்ற அன்னைக்கு நான்தான் பொடியை வைப்பேன். நீ ஓரமா நில்லு" என்று அனுப்பிவிட்டேன். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

இனி என் வீட்டுக்காரர். குன்னூரில் தேயிலை வியாபார ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவர் தானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம், எங்கள் வீட்டுக் கம்பளித் துணிகளைப் பூச்சியிடமிருந்து காப்பது. அதில் அவருக்கு உயிர், என் காஷ்மீர் சால்வை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வாங்கித் தந்தது. அது பீரோவின் மேல்தட்டில் இருக்கும். வெளியாட்கள் வரும் நாளிலும் விசேஷ நாளிலும் மட்டும் அவரே எடுத்துக் கையில் தருவார். மாலையில் திரும்பி வாங்கி உதறி மடித்து உள்ளே வைப்பார். குழு கூடும் அன்று காலையிலும் அப்படித்தான் தந்தார்.

வெளியிலிருந்து வந்த நிபுணர் சமவெளிக்காரர். கல்லூரி வாசலில் காரை விட்டு இறங்கும்போதே அரைக்கை சட்டையோடு, பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஊட்டி குளிரும்னு சொன்னாங்க. இப்படிக் குளிரும்னு யாரும் சொல்லலையே!"

வந்த விருந்தாளியை நடுங்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா? என் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன். அவர் அதைக் காது வரைக்கும் இழுத்துச் சுற்றிக்கொண்டு, முதல்வர் அறைக்கு டீ குடிக்கவும் வர்க்கி சாப்பிடவும் போனார். நான் கருவி அறைக்குப் போனேன்.

பொடி பரப்பிய முதல் தட்டை லேசருக்கு முன்னால் வைத்தேன். நீலம்.

புதிதாகச் சூடாக்கிய பொடியை எடுத்து இரண்டாவது தட்டு வைத்தேன். நீலம். மூன்றாவதும் நீலம். என் கை, என் கைராசி, என் ஹீட்டர், என் டேப் ஒட்டிய ஜன்னல், எல்லாம் இருந்தும் நீலம். ஜெசிந்தா சொன்னபடி ஓரமாக நின்றுகொண்டு நோட்டில் எழுதினாள்.

"என்ன எழுதறே?"

"உள்ளே யார்: மேடம். நிறம்: நீலமுங்க."

அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு நிற்கும்போது கதவு திறந்தது. முதல்வரும் நிபுணரும் வந்துவிட்டார்கள். நிபுணர் உள்ளே வந்ததும் ஹீட்டரைப் பார்த்தார். பார்த்தவர் ஒரு முக்காலியை இழுத்து, ஹீட்டருக்கும் பொடித்தட்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியாட்கள் வந்தால் நான் சால்வையைக் கழற்றித் தொங்கவிடும் ஸ்டாண்டும் அங்கேதான் இருந்தது. சூடான காற்று சால்வையைத் தாண்டித் தட்டின் மேல் வீசியது.

ஐந்து நிமிடம் நான் கிளர்நிலை பற்றி உளறினேன். பத்தாவது நிமிடம் பொடியின் ஓரம் மங்கலான மஞ்சளாக மாறியது. கால் மணி நேரத்தில் முழுத் தட்டும் மாம்பழ மஞ்சள்.

"அடடா!" என்றார் நிபுணர். "நீங்க அனுப்பின பேப்பர்ல படிச்சப்ப நம்பல மேடம். நேர்லயே பாத்துட்டேன்." முதல்வர் கை தட்டினார். நிபுணர் மடியில் இருந்த கோப்பைத் திறந்தார். மேலேயே இருந்தது, ஜெசிந்தாவைப் பற்றிய என் அறிக்கை. அதைப் படித்துவிட்டு, வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அப்போது சால்வையின் நுனி அவர் விரலில் தட்டியது. நுனியில் சின்னதாக ஒரு துணி முடிச்சு.

"மேடம், இதுல என்னமோ முடிஞ்சு வெச்சிருக்கீங்க. கோயில் பிரசாதமா? தவறிடப் போகுது, பத்திரம்." முடிச்சை அப்படியே சால்வையிலிருந்து கழற்றி, என் உள்ளங்கையில் மரியாதையாக வைத்தார்.

தொட்டதும் தெரிந்தது. உருண்டையாக, பாதி கரைந்து, வழவழவென்று. என் வீட்டுக்காரர் பூச்சிக்கு முடிந்து வைத்த அந்துருண்டை.

அந்துருண்டை என்றால் நாப்தலீன். இரண்டு வளையம் ஒட்டிய மூலக்கூறு. எங்கள் பொடியின் ஓட்டைக்குள் அளவெடுத்து வைத்தாற்போல் போய் உட்காரும். ஒளி பட்டதும் தன் எலக்ட்ரான் ஒன்றைச் சட்டகத்துக்குத் தரும். தந்தது சீக்கிரம் திரும்பாது. அதனால் ஆயுள் நீளும், நிறம் மஞ்சளாகும். இதை நான் பதினைந்து வருடம் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அந்த வாசம் ஏன் என் மூக்கில் ஏறவில்லை என்று கேட்பீர்கள். ஊட்டியில் விசேஷம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் கம்பளியெல்லாம் வெளியே வரும். கல்யாண வீடு, சர்ச், கல்லூரி ஆண்டு விழா எல்லாம் ஒரே வாசம். எங்கள் மூக்குக்கு அது வாசமே இல்லை, விசேஷம் என்று அர்த்தம்.

முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டேன். நிமிர்ந்தால் ஜெசிந்தா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விநாடிதான். பிறகு கண்ணைத் தாழ்த்தி, நோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் உடனே நேர்மையின் சிகரமாக நின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் அப்போது யோசித்தது வேறு. கைப்பை பக்கத்திலேயே இருக்கிறது. முடிச்சை உள்ளே போட்டால் முடிந்தது. கட்டுரை வெளிவரும். முதல்வர் விழா எடுப்பார். நான் பெரிய கண்டுபிடிப்போடு ஓய்வு பெறுவேன். இந்தப் பெண்ணுக்கு வயது இருக்கிறது, வேறு எங்காவது சேர்ந்து படித்துக்கொள்வாள். இவ்வளவையும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே கைப்பையின் ஜிப்பைக்கூடத் திறந்தேன்.

திறந்த பைக்குள் என் மதியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதற்குள் முடிச்சைப் போட்டால் சாம்பார் சாதம் முழுக்க அந்துருண்டை வாசம் அடிக்குமே என்று கை ஒரு கணம் நின்றது. கை நின்ற அந்தக் கணத்தில்தான் எனக்கு வெட்கம் வந்தது. சாம்பார் சாதத்துக்குக் காட்டும் அக்கறையை ஐந்து வருடம் ஏழு மணி பஸ்ஸில் வந்தவளுக்கு நான் காட்டவில்லை.

"சார், எழுதாதீங்க" என்றேன்.

நிபுணர் நிமிர்ந்தார்.

"அந்தச் சால்வையைக் கழட்டுங்க."

"மேடம், எனக்குக் குளிருதே!"

"தெரியும். கழட்டுங்க."

முடிச்சை அவிழ்த்து மேசை நடுவில் வைத்தேன். பாதி கரைந்த வெள்ளை உருண்டை எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருந்தது. முதல்வர் தமிழ்ப் பேராசிரியர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிபுணருக்குப் புரிய மூன்று விநாடி ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது.

"வந்ததுமே கேக்கணும்னு இருந்தேன் மேடம். இவ்வளவு வாசமா இருக்கேன்னு. குளிருக்குக் குடுத்ததைப் போய் எப்படிக் குறை சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்!"

சால்வையை ராஜு அண்ணன் வெளியே கொண்டுபோனார். ஜன்னல் டேப்பைக் கிழித்து அறையைத் திறந்துவிட்டோம். "ஜெசிந்தா, நீ வை" என்றேன். அவள் மஞ்சள் பொடியை அடுப்பில் சூடாக்கி எடுத்து வைத்தாள். நீலம். உருண்டையை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்து மூடினாள். மஞ்சள். மறுபடி சூடாக்கினாள். நீலம். அவள் கையில் அது ஒவ்வொரு முறையும் சொன்னபடி கேட்டது.

கோப்பிலிருந்து என் அறிக்கையை எடுத்துக் கிழித்தேன். கிழிக்க விதியில் இடமில்லை என்று முதல்வர் முனகினார். "புதுசு எழுதித் தரேன், விதியில் இடம் பண்ணுங்க" என்றேன். பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பி, "தப்பு என்னுது. உன் அளவு எல்லாம் சரி. என்னை மன்னிச்சுக்க" என்றேன். மூன்று பேர் முன்னால் சொன்னேன்.

"பரவாயில்லீங்க மேடம்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "சால்வைக்கு ஒரு கட்டம் போட்டிருந்தா ரண்டு மாசம் முன்னாலயே கண்டுபிடிச்சிருப்பனுங்க" என்றும் சொன்னாள். நிபுணர் அந்த நோட்டை வாங்கி, கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். அவளுக்கு ஆறு மாதம் கொடுத்தார். ஓட்டைக்குள் விருந்தாளி மூலக்கூறு புகுந்தால் கிளர்நிலை எப்படி மாறுகிறது என்பதே ஆய்வேட்டின் தலைப்பாயிற்று. சஞ்சிகைக்கு எழுதி என் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது, கேசரி எதுவும் கிளறவில்லை. வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்: "கண்டுபிடிப்புல என் பேரு வருமா?"

நான் ஓய்வு பெற்ற அன்று விழா எடுத்தார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சால்வை போர்த்துவார்கள். ஜரிகை சால்வை, பூப்போட்ட சால்வை, கடைசியில் என் வீட்டுக்காரர் மேடை ஏறி அந்தக் காஷ்மீர் சால்வை. கழுத்துக்கு மேலே முகம் மட்டும் தெரிய, மேடையை விட்டு இறங்கி, கருவி அறையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன்.

வாசலில் ஜெசிந்தா குறுக்கே நின்றாள். கதவுக்கு வெளியே, தலைக்கு மேல் ஒரு புது ஆணி. ராஜு அண்ணன் சுத்தியலோடு பக்கத்தில் நின்றார்.

"மேடம், சால்வை எல்லாம் வெளியிலீங்க."

ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு பெரிய மூட்டையாகத் தொங்கியது. வெறும் புடவையோடு குளிரக் குளிர உள்ளே போனேன். ஜெசிந்தா ஒரு தட்டை வைத்து லேசரைப் போட்டாள். பொடி மினுங்கியது. அவள் நோட்டை எடுத்து நேரம், வெப்பம், ஈரம் எல்லாம் எழுதினாள். பிறகு 'உள்ளே யார்' என்ற கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுதி, அதன் பக்கத்தில் நிறத்தைக் குறித்தாள்.

நீலம்.